வாடகைப் பாத்திரக் கடை மாடியில் ஆப் படித்தேன்

மொபைல் ஆப் எழுதுகிற தொழிலில் கஷ்டமான பகுதி ஆப் எழுதுவது இல்லை. "நான் ஆப் எழுதப் படிக்கிறேன்" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் படித்தவர்கள், படிக்கிறவர்கள், பாதியில் விட்டுவிட்டு அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் பரிதா. திண்டுக்கல் பேகம்பூரில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், தர்கா கந்தூரி, காதுகுத்து எதுவானாலும் பிரியாணி தேக்சா, அண்டா, அடுப்பு, கரண்டி எல்லாம் எங்களிடமிருந்து போகும். கடைக்கு மேலே மாடியில் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து டிகிரி வாங்கியிருந்தேன். அந்த டிகிரி பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் கசங்காமல் படுத்திருந்தது. மகள் அஸ்மா பதினொன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், மொபைல் ஆப் டெவலப்பர் சர்டிபிகேட் படிப்பு ஒன்றில் ஆன்லைனில் சேர்ந்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது.

பொண்ணுக்கா, பையனுக்கா?

இணையத்தில் பெயரைப் பதிந்த மறுநாள் அகாடமியிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஆலோசகராம். குரலைக் கேட்டால் இப்போதுதான் காலேஜ் முடித்த பையன் மாதிரி இருந்தது. "மேடம், படிப்பு பொண்ணுக்கா, பையனுக்கா?" என்றான். எனக்கு என்றேன்.  உடனே, இது கஷ்டமான கோர்ஸ், தினமும் வகுப்பு இருக்கும், கடைசியில் பெரிய பரீட்சை இருக்கும், ஃபெயிலானால் திரும்ப எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என்னைப் பயமுறுத்திப் பார்த்தான். ரெண்டு பிரசவம் பார்த்தவளிடம் சொல்கிற பயமா இது?

"எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க மேடம்," என்று முடித்தான். சார் என்றால் என் வீட்டுக்காரர் ஜாபர். அவர் கீழே கடையில் தேக்சா விளிம்பில் பெயிண்டால் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் விறுவிறுவென்று படியிறங்கிப் போய், போனை அவர் காதில் வைத்து, "உங்ககிட்ட என்னமோ கேக்கணுமாம்," என்றேன். அவருக்கும் இந்தப் படிப்பில் பெரிய நம்பிக்கை ஒன்றும் கிடையாது. வீட்டில் ஒரு லேப்டாப் சும்மா கிடக்கிறதே, தட்டட்டும் என்கிற அளவுதான். பிரஷைக் கீழே வைக்காமல் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவ எங்கிட்ட கேக்கலையே தம்பி, நீங்க எதுக்குக் கேக்குறீங்க?"

மூட மறந்த மைக்

வகுப்பு நடப்பது சாயங்காலம். எங்கள் கடைக்குப் பாத்திரங்கள் திரும்பி வருகிற நேரமும் அதுதான். முதல் வாரத்தில் ஒருநாள் மைக்கை மூட மறந்து உட்கார்ந்துவிட்டேன். கீழே வேனிலிருந்து அண்டாக்களை இறக்குகிறார்கள். ஒவ்வொன்றும் இடி மாதிரி விழுகிறது. நடுவில் ஒரு சண்டை வேறு. "எடுத்துட்டுப் போகையிலயே ஒழுகுச்சு பாய்!" என்கிறார் ஒருத்தர். "ஒழுகுச்சுன்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும்ல?" என்கிறார் ஜாபர். வகுப்பு நடத்துகிற சார், யாரோ கட்டட வேலை நடக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என்னை வகுப்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்.

மறுபடி உள்ளே போனேன். இந்த முறை வேண்டுமென்றே மைக்கைத் திறந்தேன். "சார், அது கட்டட வேலை இல்ல, எங்க கடை. தினமும் சத்தம் இருக்கும். மைக்கை நான் மூடி வெச்சுக்கிறேன், என்னைய வெளிய தள்ளாதீங்க," என்றேன்.   கொஞ்ச நேரம் கழித்து, கூடப் படிக்கிற ஒரு கோயம்புத்தூர்ப் பையன் எனக்கு மட்டும் தனியாக எழுதி அனுப்பியிருந்தான்: "அக்கா, அந்த ஓட்டை யார் போட்டதுன்னு கடைசியா முடிவாச்சா?"

தமிழில் கேட்டால்

வகுப்பில் சந்தேகத்தை இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டம். எனக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், எழுதவும் வரும். ஆனால் பேச வாயைத் திறந்தால், சொல்ல வந்தது பாதியில் காணாமல் போய்விடும். ஒருநாள் நான் எழுதிய ஆப்பில் ஒரு கோளாறு. போனை நேராகப் பிடித்தால் சரியாக இருக்கிறது, படுக்க வைத்தால் அதுவரை தட்டச்சு செய்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. அதைத் தமிழில் கேட்டேன். "இங்கிலீஷ் ப்ளீஸ்," என்றார் சார். மறுபடி தமிழிலேயே கேட்டேன். மூன்றாம் தடவையும் அவர் அதையே சொன்னபோது, "சார், அழிஞ்சு போறது நான் தமிழ்ல எழுதுனாலும் அழியுது, இங்கிலீஷ்ல எழுதுனாலும் அழியுது. அதுக்கே அந்த வித்தியாசம் தெரியல. நீங்க ஏன் பாக்குறீங்க?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, இனி நம்மைச் சேர்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சார் இங்கிலீஷிலேயே ஏதோ சொல்லிச் சமாளித்து வகுப்பை முடித்தார். முடிந்ததும் போன் வந்தது. சார்தான். கோபம் இல்லை, ரகசியம் பேசுகிற குரல். "அக்கா, எனக்கு நத்தம் பக்கம்தான். தமிழ்ல சொன்னாத்தான் எனக்கும் வேகமா வரும். ஆனா வகுப்பை ரெக்கார்டு பண்ணி மேல இருக்கவங்க கேக்குறாங்க. நீங்க அழிச்சாட்டியம் பண்ணுனாத்தான் நான் தமிழ்ல சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கும், அதனால தினமும் பண்ணுங்க."

டாக்குமென்டேஷன் அக்கா

நாலு பேர் சேர்ந்து ஒரு ஆப் செய்ய வேண்டும் என்று குழு பிரித்தார்கள். என்னோடு மூன்று பையன்கள். அவர்களே கூடிப் பேசி, எனக்கு டாக்குமென்டேஷன் ஒதுக்கியிருந்தார்கள். அதாவது அவர்கள் செய்வார்கள், செய்ததை நான் அழகாக எழுதிவைக்க வேண்டும். வீட்டிலும் இதே வேலைதானே நமக்கு. எனக்கு லாகின் பகுதி வேண்டும் என்றேன். அது கஷ்டம் அக்கா என்றார்கள். கஷ்டம் என்றுதான் கேட்கிறேன் என்றேன். எழுதினேன். முதலில் எழுதியது யார் எந்தப் பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விட்டது. இரண்டாவதாக எழுதியது என்னையே உள்ளே விடவில்லை. மூன்றாவது சரியாக வந்தது. மறுநாள் ஒட்டன்சத்திரத்துக்காரப் பையன் ஒருவன், என்னை வாய் நிறைய "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், போன் செய்தான்: "ஏனுங்க அக்கா, என்ற பகுதி ஓடமாட்டேங்குது, செத்த பாத்துத் தர முடியுங்களா?"

சால்னாவில் உப்பு

ஜாபரின் தங்கை நசீமாவை மதுரையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், நான் வகுப்பில் பேசிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "அஸ்மாவை நாளைக்கு நாலு பேரு பொண்ணு கேட்டு வருவாக. அம்மாகாரி கம்ப்யூட்டர்ல அன்னிய ஆம்பளைகளோட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கான்னா என்ன நெனப்பாக?" அஸ்மா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு என் மேல் சொன்னது கூட வலிக்கவில்லை. அவள் தலை குனிந்ததுதான் வலித்தது. "அப்படி நெனைக்கிறவுக வீட்டுக்கு எம்மக போகவேண்டாம். அவளும் படிப்பா, நானும் படிப்பேன்," என்றேன்.

நசீமா விடவில்லை. படிக்கிறேன் என்று வீட்டைக் கவனிப்பதில்லை, சால்னாவில் உப்பே இல்லை என்றாள். அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்தார். மாமி என் படிப்புக்குக் கட்சி கட்டியவர் கிடையாது. லேப்டாப்பைத் திறந்தாலே பெருமூச்சு விடுவார்.  அவர் நசீமாவைப் பார்த்துச் சொன்னார்: "உப்பு இல்லைன்னு இவளை ஏசுறதுக்கு இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன். நீ உன் மருமக வரட்டும், அப்ப ஏசிக்க."

பச்சைப் பட்டன்

கடைசி புராஜெக்டுக்கு எல்லாரும் சாப்பாடு டெலிவரி ஆப் செய்தார்கள். என்னையும் அதையே செய்யச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். எங்கள் கடைக்கு ஆப் செய்தேன். எந்த நம்பர் தேக்சா யார் வீட்டுக்குப் போயிருக்கிறது, எப்போது வரும் என்று காட்டுகிற ஆப். வெளியே போனால் சிவப்புப் பட்டன், திரும்பி வந்தால் பச்சை. எங்கள் கடையில் வேலை பார்க்கிற செல்வத்திடம்தான் கொடுத்தேன். செல்வம் முன்பு வேடசந்தூரில் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். அங்கே மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் சூப்பர்வைசர் ஓடி வந்து திட்டுவாராம். அந்தப் பழக்கத்தில், திரையில் சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் அமுக்கிப் பச்சையாக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் கல்யாண வீட்டுக்காரர்கள் பெரிய தேக்சாவுக்கு வந்து நிற்கிறார்கள். ஆப்பில் கடையில் இருக்கிறது. கடையில் இல்லை. நிலக்கோட்டையில் ஒரு பூ வியாபாரி வீட்டில் இருந்தது. அவருக்குப் போன் போட்டால், "உங்க போனு அங்க இருக்குங்குது, எங்கண்ணு இங்க இருக்குங்குது, ரெண்டுல எதைம்மா நம்புறது?" என்கிறார். ஜாபர் வேறு கடைக்கு ஓடி, கைகட்டி நின்று ஒரு தேக்சா வாங்கி வந்து மானத்தைக் காப்பாற்றினார். வந்ததும் ஒரு வார்த்தை சொன்னார். "நாளையிலேர்ந்து பழையபடி சுவத்துல சாக்பீஸ்ல எழுதிக்கிறேன்."

அவர் கோபம் நியாயமானது. அதற்காக நான் விட்டுவிட முடியுமா? அவர் சாக்பீஸில் எழுதட்டும், ஆப்பும் பக்கத்திலேயே ஓடட்டும், எது நிலைக்கிறது பார்ப்போம் என்றேன். திரும்பி வந்த பாத்திரத்தைப் போட்டோ எடுத்தால்தான் பச்சைப் பட்டன் வேலை செய்யும் என்று மாற்றினேன். ரெண்டு வாரத்தில், மழைச் சாரலில் சுவரில் எழுதியது அழிந்தது, ஆப் அழியவில்லை. ஜாபர் சாக்பீஸைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை. செல்வத்துக்குத்தான் மனத்தாங்கல்: "அக்கா, போட்டோ காட்டாம அமுத்தவே விடமாட்டேங்குது. உங்க ஆப்பு என்னைய நம்பலையா?"

காதைக் காட்டுங்கள்

சர்டிபிகேட் பரீட்சையும் வீட்டில்தான். எங்கோ ஒரு ஆபீசில் உட்கார்ந்து, கண்காணிப்பாளர் ஒருவர் கேமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார், காட்டினேன். மேசைக்கு அடியில் காட்டச் சொன்னார், காட்டினேன். பிறகு, காதில் ஏதாவது கருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தலைத்துணியை எடுங்கள் என்றார். ஆண் குரல். சோதிப்பது நியாயம்தான். பெண் கண்காணிப்பாளர் ஒருவரை வரச் சொல்லுங்கள், உடனே காட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பொறுமையாகச் சொன்னேன். இப்போது பெண்கள் யாரும் இல்லை என்றார். காத்திருக்கிறேன் என்றேன். சட்டென்று திரை மாறியது. விதிமீறல், பரீட்சை ரத்து.

அன்றைக்கு அழுதேன். மாதக்கணக்கில் அண்டாச் சத்தத்துக்கு நடுவே படித்தது ஒரு கேள்வியைக் கூடப் பார்க்காமல் போய்விட்டதே என்று அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டுப் புகார் எழுத உட்கார்ந்தேன். அகாடமியின் ஆலோசகத் தம்பி போனில் வந்து, "ஒரு அஞ்சு நிமிஷம் அட்ஜஸ்ட் பண்ணியிருக்கலாமே மேடம்," என்றான். "துணி என்னோடது, காது என்னோடது, பரீட்சையும் என்னோடது. ஒரு பொம்பளையக் கூப்பிட்டு உக்கார வைக்கிறது ஒண்ணுதான் அவங்க வேலை. அதை அவங்க அட்ஜஸ்ட் பண்ணட்டும்," என்றேன்.

பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். தினமும் காலையில் இட்லிக்கு ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, அது வேகிற நேரத்தில் ஒரு மெயில். அதே விஷயம், அதே மரியாதை, கொஞ்சம் கூடக் குரலை உயர்த்தாமல். கடைசியில் ஒருநாள், மன்னிப்பு என்ற வார்த்தையைக் கவனமாகத் தவிர்த்துவிட்டு, வேறு நேரமும் பெண் கண்காணிப்பாளரும் தருவதாகப் பதில் வந்தது. நான் படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு ஜாபர் சொன்னார்: "உனக்கு ஆப் எழுதுறதுக்கு முன்னாடி மெயில் எழுதுறதுக்கு ஒரு சர்டிபிகேட் குடுக்கணும்."

யார் பேசுவது?

அவர்கள் கொடுத்த நேரம் மத்தியானம். இந்த முறை வந்த பெண் கண்காணிப்பாளர் காதைப் பார்த்தார், தலையசைத்தார், ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. பாதிப் பரீட்சை ஓடியிருக்கும்போது தெருக்கோடிப் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஆரம்பித்தது. உடனே திரை ஓரத்தில் எழுத்து வந்தது. உங்கள் அறையில் ஒருவர் பேசுகிறார், யார் அது? பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிறார்கள், அறையில் யாருமில்லை என்று எழுதினேன். அவரைக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பாவம், எந்த ஊரோ, என்ன தெரியும் அவருக்கு. ஆனால் எனக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. முடியாது என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். இன்னொரு ரத்து வந்தால் இன்னொரு மூட்டை மெயில் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். வரவில்லை.

முடித்து அமுக்கியதும் திரையிலேயே ரிசல்ட் வந்தது. பாஸ். படிக்கட்டில் நின்று கத்தினேன். கீழே செல்வம் கரண்டியால் அண்டாவில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அஸ்மா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மாமி தொழுகை முடித்து வந்து, விஷயத்தைக் கேட்டு, அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, என் தலையைத் தடவிக் கேட்டார்: "பாஸாயிட்டல்ல, அப்ப இனிமே சாயங்காலம் ஆக்குறதுக்கு வந்துருவியா?"

கேப்

மதுரையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தேன். வீடியோவில் இன்டர்வியூ. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு பெண் அதிகாரி, "டிகிரிக்கும் இந்த சர்டிபிகேட்டுக்கும் நடுவுல பெரிய கேப் இருக்கே, அதுல என்ன பண்ணீங்க?" என்றார். "கேப் இல்ல மேடம், வாடகைப் பாத்திரக் கடை நடத்துனேன். ரெண்டு பிள்ளைகளை வளத்தேன். எத்தனை பேருக்கு எத்தனை தேக்சான்னு கல்யாண வீட்டுக்காரங்களுக்கே நான்தான் சொல்லி அனுப்புவேன்," என்றேன். அவர் நல்லவர்தான், சிரித்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். "அதையெல்லாம் ரெஸ்யூம்ல போடாதீங்க, ஹோம்மேக்கர்னு போட்டாப் போதும்." வேலை கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நான் அனுப்பிய ரெஸ்யூம் எல்லாவற்றிலும் முதல் வரியே பாத்திரக் கடைதான்.

பாய் இருக்காரா?

செல்வம் சொல்லிக் கேள்விப்பட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லிலிருந்து கடைக்குப் போன் வந்தது. மில் பஸ் எந்த ஊருக்கு எப்போது வரும் என்று தொழிலாளர்களுக்குக் காட்ட ஒரு ஆப் வேண்டுமாம். "ஆப் பண்ற பாய் இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஜாபர் போனை என்னிடம் கொடுத்தார். நான் பேசினேன். எல்லாம் கேட்டுக்கொண்ட அந்த மேனேஜர், "சரிம்மா, பாய் எப்ப நேர்ல வருவாரு?" என்றார். "பாய் வண்டி ஓட்டிக்கிட்டு வருவாரு, ஆப்பை நான் கொண்டு வாரேன்," என்றேன்.

அந்த வேலையை முழுசாக நானே செய்தேன். காலை ஷிப்டுக்குப் போகிற பெண்களோடு பஸ்ஸில் உட்கார்ந்து போய், அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்து, எங்கே தடுக்கிறது என்று கேட்டுக் கேட்டு மாற்றினேன். காட்டுகிற நாள் வந்தது. ஜாபர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றார். நான் திரையைக் காட்டி விளக்குகிறேன், மேனேஜர் சந்தேகத்தையெல்லாம் அந்த மூலையைப் பார்த்துக் கேட்கிறார். "சார், எங்கிட்ட தேக்சாவைப் பத்திக் கேளுங்க, சொல்றேன்," என்று ஜாபரே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எல்லாம் சரியாக ஓடியது. ஆப்பை எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர் எழுந்து, என்னைத் தாண்டிப் போய், ஜாபர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், பண்ணினது நான்," என்றேன், அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. அவர் திரும்பி, ரொம்பத் தாராளமாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அதான்மா, குடும்பமா சேந்து நல்லா பண்ணியிருக்கீங்க."

ஆக, ஆப் எழுதுகிற படிப்பு எப்போதோ முடிந்து சர்டிபிகேட்டும் வந்துவிட்டது, எழுதியது நான்தான் என்று ஊரை நம்பவைக்கிற படிப்புதான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதிலும் நான் ஒரு வகுப்புக்கும் லீவு போடுவதாக இல்லை.